பராக்கில்லாமல் ஒரு ஜெபமாலை

மன்னார்புரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் பதினாறு பேர் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார்கள். இடம் பற்றாமல் சோபாவை வாசலுக்குத் தள்ளியிருந்தோம். மின்விசிறி ஐந்தில் சுற்றியும் எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது. சமையலறையில் இருந்து சுண்டல் தாளித்த வாசனை வந்துகொண்டிருந்தது.

அன்பியக் கூட்டம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கோயிலைச் சேர்ந்த பங்கில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்களைத் தெருவாரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, சுண்டலோ கேசரியோ சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முறை. வீட்டுக்காரன்தான் ஜெபத்தை நடத்த வேண்டும்.

ஜெபமாலை முடிந்து மாதா பிரார்த்தனைக்கு வந்துவிட்டோம். அதில் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாக நான் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் சொல்வார்கள். எனக்கு எல்லாமே மனப்பாடம். வாய் பாட்டுக்கு ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது, மனசு பாட்டுக்கு ஒரு பக்கம் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

பாதி தாண்டியிருக்கும். அதே ராகத்தில், அதே பக்தியோடு, கண்ணை மூடிக்கொண்டு நான் சொன்னேன்.

“சிலிண்டர் புக் பண்ணணுமே.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றார்கள் பதினாறு பேரும்.

ஒருத்தர் குரலிலும் பிசிறு இல்லை. நானும் அடுத்த பட்டத்துக்குப் போய்விட்டேன். இரண்டு பட்டம் கழித்துத்தான் என்ன சொன்னோம் என்பதே எனக்கு உறைத்தது. அரைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். சமையலறை வாசலில் என் மனைவி செலின் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அன்பியத் தலைவி ஸ்டெல்லா டீச்சரின் ஒரு புருவம் மட்டும் மேலே போயிருந்தது. மற்ற எல்லாரும் பரலோகத்தில் இருந்தார்கள், அல்லது சுண்டலில் இருந்தார்கள்.

சுண்டல் சாப்பிடும்போது பின்தெரு லூர்துசாமி அண்ணன் மட்டும் என்னிடம் வந்து, “அந்த சிலிண்டர் மன்றாட்டு நல்லா இருந்துச்சு தம்பி. எங்க வீட்லயும் ரெண்டு நாளா வரலை” என்றார். கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனுஷன் உண்மையாகவே உருகிப்போயிருந்தார்.

கேட்க வெட்கம்

இந்தக் கூத்துக்கு ஒரு காரணம் உண்டு. செலின் கழுத்தில் ஒரு கட்டி.

சின்னதுதான், சுண்டைக்காய் அளவு. தென்னூரில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பன்னிரண்டு நாள் கழித்து செவ்வாய்க்கிழமை வாருங்கள், முடிவு தெரியும் என்றார். பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொல்ல வேண்டாம் என்று செலின் சொல்லிவிட்டாள். “ஒண்ணும் இருக்காதுங்க” என்று ஒரு தடவை சொன்னாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மாதாவிடம் ஏதாவது நேர்ந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். நடந்தே கோயிலுக்குப் போவதாக நேரலாம் என்றால் என் முழங்கால் வீட்டு மாடி ஏறுவதற்கே மன்றாட்டு கேட்கும். மெழுகுதிரி ஏற்றலாம் என்றால் அது யாரும் செய்வது. யோசித்துப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அறுபது வயசுக்கு மேல் ஆகிவிட்டது. தினமும் ஜெபமாலை சொல்கிறேன். ஒரு நாளாவது முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை மனசு வைத்துச் சொல்லியிருக்கிறேனா என்றால் இல்லை.

கேட்பது இவ்வளவு பெரிய காரியம். அதை அரைகுறை ஜெபமாலையை நீட்டிக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே நேர்ந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை முடிவு வருவதற்குள் ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் பராக்கில்லாமல் சொல்லி முடிப்பேன். நடுவில் மனசு ஒரு நொடி நகர்ந்தாலும் மறுபடியும் முதல் மணியில் இருந்து ஆரம்பிப்பேன். விதியை நானே போட்டேன், கண்காணிப்பாளரும் நானே. செலினிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் பயந்திருக்கிறேன் என்று தெரிந்துபோகும்.

முதல் நாள் எட்டாவது மணியில் விழுந்தேன். பக்கத்து வீட்டில் நெத்திலி வறுத்தார்கள். இரண்டாவது தடவை ஐந்தாவது மணி. மூன்றாவது தடவை, இந்தத் தடவை விழக் கூடாது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததே பராக்கு என்று தோன்றியது. மறுபடியும் ஒன்று.

“இன்னிக்கு என்னங்க, இன்னும் முடியலையா?” என்று செலின் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். “தோசை ஆறிப்போகுது.”

அதுவும் போயிற்று. தோசை.

பரம்பரைச் சொத்து

என்னை மட்டும் குறை சொல்ல முடியாது. இது எங்கள் அப்பா வழி வந்தது.

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் இருந்த காலத்தில் அப்பாதான் ஜெபமாலையை நடத்துவார். ஷிப்ட் முடிந்து, குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நிற்பார். ஆனால் அவருக்குக் காதும் மூக்கும் வீடு முழுக்க வேலை செய்யும். ஜெபத்தை நிறுத்தாமல், ராகத்தையும் மாற்றாமல், நடுவிலேயே வீட்டு நிர்வாகத்தையும் நடத்திவிடுவார். “பால் பொங்குது பாரு” என்பது ஜெபத்தின் ஒரு வரி மாதிரியே வரும். “டேய், காலை நீட்டாதே” என்பதும் அப்படியே. நாங்களும் அதற்குச் சேர்த்தே பதில் ஜெபம் சொல்லுவோம். அம்மா எழுந்து போய்ப் பாலை இறக்கிவிட்டு வந்து, விட்ட இடத்தில் சேர்ந்துகொள்வாள்.

என் தங்கை முதல் நன்மைக்குப் போகும் வரை, அதாவது கோயிலில் முதன்முதலாகத் திருவிருந்து வாங்கும் வயசு வரை, பால் பொங்குவதும் ஜெபமாலையில் உள்ளதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம் ஒரு தடவை, “நீங்க மட்டும் பராக்கு பார்க்கலாமா?” என்று கேட்டேன். “நான் பராக்கு பார்க்கலைடா, மேற்பார்வை பார்க்கறேன்” என்றார். அவர் போர்மேன். அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஒற்றைச் செருப்பு

நாலு நாளில் நான் ஒரு பத்துமணியைக்கூட, அதாவது மாலையின் முதல் பத்து மணிகளைக்கூடத் தாண்டவில்லை. போனில் ஜெபமாலை ஒலிக்கிற ஆப் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். குயில் மாதிரி ஒரு பெண் குரல். இரண்டாவது பத்துமணி வரை என்னை இழுத்துக்கொண்டு போனது. சடாரென்று ஒரு ஆண் குரல், “உங்களுக்கு முடி கொட்டுகிறதா?” என்று கேட்டது. என் கை தன்னால் தலைக்குப் போயிற்று. அங்கே கொட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கு இருபது வருஷமாகத் தெரியும், இருந்தாலும் போயிற்று.

கடைசியில் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே சம்பத் இருக்கிறார். பொன்மலை ரயில்வே ஆபீஸில் என்னோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவர். தினமும் விடிகாலையில் காவேரியில் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, பெருமாள் நாமங்களைச் சொல்லிவிட்டுத்தான் காபியே குடிப்பார். அவரிடம் ஏதாவது வித்தை இருக்கும் என்று நம்பிப் போனேன். அவரிடம் மட்டும் விஷயத்தை முழுக்கச் சொன்னேன்.

“செலினுக்கா?” என்று மட்டும் கேட்டார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஓய், உம்மகிட்ட மறைப்பானேன். நாமம் சொல்ல ஆரம்பிச்சா பெருமாள் திருமுகம் தெரியணுமோன்னோ. நேக்கு டிகாக்‌ஷன் இறங்கித்தான்னு தெரியறது. நாப்பது வருஷமா இதே கதைதான்.”

“நாப்பது வருஷமாவா?”

“முன்னெல்லாம் இட்லி தெரியும். இப்போ சுகர் வந்துடுத்து, அதனால டிகாக்‌ஷன் மட்டும்.”

இரண்டு பேரும் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்தோம். யார் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறோம் பார்ப்போம் என்று முடிவாயிற்று. அவரவர் ஜெபம் அவரவருக்கு. மனசு நகர்ந்தால் நேர்மையாகக் கையைத் தூக்கிவிட வேண்டும். இன்னும் பள்ளிக்கூடத்தைத் தாண்டாத இரண்டு கிழவர்கள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

இரண்டு நிமிஷம் போயிருக்கும். படியில் நகம் உரசுகிற சத்தம் கேட்டது. அரைக் கண்ணைத் திறந்தேன். ஒரு நாய், மேல்படியில் கழற்றி வைத்திருந்த செருப்புகளை மோந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பார்த்தேன். சம்பத்துக்கும் அரைக் கண் திறந்திருந்தது.

நாய் ஒரு செருப்பைக் கவ்வியது. நான் நகரவில்லை. நகர்ந்தால் தோற்றுவிடுவேன். சம்பத்தும் நகரவில்லை, உதடு மட்டும் வேகமாக அசைந்தது. நாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் படியேறிப் போயிற்று.

அது கண்ணை விட்டு மறைந்த பிறகு சம்பத் மெல்லக் கையைத் தூக்கினார். “ஓய், அது உம்ம செருப்பா, என்னோடதா?”

என்னுடையது. வீட்டுக்கு ஒற்றைச் செருப்போடு பஸ்ஸில் வந்தேன். செலின் என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். “ஸ்ரீரங்கத்துல யாரைப் பார்க்கப் போனீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

நாற்பத்திரண்டு தடவை

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கப் போனேன். எங்கள் பங்கில் புதிதாக வந்திருக்கும் உதவிச் சாமியாருக்கு என் மகள் வயசுகூட இருக்காது. மண்டியிட்டுச் சொன்னேன்.

“ஃபாதர், ஜெபத்துல பராக்குக்கு இடம் கொடுத்துட்டேன்.”

“எத்தனை தடவை?”

“இந்த வாரத்துல நாற்பத்திரண்டு.”

“எண்ணி வெச்சிருக்கீங்களா?”

“எண்ணுனதாலதான் ரெண்டு தடவை கூடிப்போச்சு ஃபாதர். இல்லேன்னா நாற்பதுதான்.”

அவர் இருமினார். பிறகு மெதுவான குரலில் ஏதோ நல்ல அறிவுரை சொல்ல ஆரம்பித்தார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கம்பி வலையில் ஒரு குட்டிச் சிலந்தி மேலே ஏறுவதும் வழுக்குவதுமாக இருந்தது. அது மேலே போய்ச் சேரும் வரை பார்த்தேன். சேர்ந்தபோது ஃபாதர் பேசி முடித்திருந்தார்.

“ஃபாதர், தப்பா நினைக்காதீங்க. கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்ல முடியுமா?”

அவர் யோசித்தார். “எதுவரைக்கும் கேட்டீங்க?”

“ஆரம்பம் வரைக்கும்.”

“எனக்கும் ஞாபகம் இல்லைங்க ஐயா” என்றார் பாவம். “வெளியே மைக் செட் கட்டறாங்க. ஒயரைத் தப்பா சொருகறாங்களேன்னு அதையே பார்த்துட்டிருந்தேன்.”

பாவமன்னிப்பு கொடுத்தார். பரிகாரமாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். வெளியே வந்து மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்றபோது எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஏற்கெனவே ஒன்று பாக்கி, இப்போது இரண்டு.

துவரம்பருப்பு எந்த டப்பா

மறுநாள்தான் நான் முதலில் சொன்ன அன்பியக் கூட்டம். எல்லாரும் போனபிறகு செலின் சுண்டல் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சிரித்தாள். கழுத்தில் பிளாஸ்திரி போட்ட இடம் வலிக்க, கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“மாதாகிட்ட போய் சிலிண்டரா? என்ன ஆச்சு உங்களுக்கு?”

ஏன் சிலிண்டர் வந்தது என்று எனக்குத் தெரியும். மூன்று நாளாக அவள் எனக்கு வீட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சிலிண்டர் எந்த எண்ணுக்குப் போன் பண்ணி புக் பண்ண வேண்டும், துவரம்பருப்பு எந்த டப்பா, கடலைப்பருப்பு எந்த டப்பா, மோட்டாரை எத்தனை நிமிஷம் ஓடவிட வேண்டும். முப்பத்தைந்து வருஷமாக என்னை அந்தப் பக்கமே விடாதவள். “சும்மா தெரிஞ்சு வெச்சுக்குங்க” என்றாள். நானும் சும்மா கேட்பது போலவே கேட்டுக்கொண்டேன். ஆனால் ஜெபமாலையைக் கையில் எடுத்தால் அந்த டப்பாக்கள்தான் வரிசையாக வந்து நின்றன.

பயமாக இருந்தது என்று அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கலாம். நான் தட்டுகளை வாங்கிக் கழுவப் போனேன்.

செவ்வாய்க்கிழமை

பத்து மணிக்குத் தென்னூர் போய்விட்டோம். எங்கள் டோக்கன் பதினாலு. அப்போது ஆறாவது ஆள் உள்ளே இருந்தார். இரும்பு நாற்காலி வரிசையில் நானும் செலினும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எதிரே சத்தமில்லாமல் டிவி ஓடியது. யாரோ ஒரு அம்மா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். எவ்வளவு வேண்டுமானாலும் பராக்கு பார்க்கலாம், அப்படி ஒரு இடம்.

இன்னும் நேர்ச்சை பாக்கி என்பது நெஞ்சில் கல்லாக இருந்தது. ஜெபமாலையை எடுத்தேன். கண்ணை மூடினேன்.

எப்படி நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பிஸ்கட் பாக்கெட் சத்தம் போயிற்று. டோக்கன் கூப்பிடுகிற சத்தம் போயிற்று. முதல் பத்து மணி முடிந்தது, இரண்டாவது முடிந்தது. முழங்கால் வலி இல்லை, டப்பாக்கள் இல்லை. நானும் மாதாவும் மட்டும் இருந்தோம். இவளைக் காப்பாத்து தாயே என்பது தவிர ஒன்றும் இல்லை. ஐம்பத்துமூன்றாவது மணியை விரலால் தள்ளியபோது என் கன்னம் நனைந்திருந்தது.

கண்ணைத் திறந்தேன். பக்கத்து நாற்காலி காலி.

பாத்ரூம் போயிருப்பாள் என்று நினைத்தேன். அப்போதுதான் டாக்டர் அறைக் கதவு திறந்தது. செலின் கையில் ஒரு கவரோடு வெளியே வந்தாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நான் முதலில் சொன்னது இதுதான். “செலின், முடிச்சிட்டேன். ஐம்பத்துமூணு மணியும். ஒரு பராக்கு இல்லை. உனக்காகத்தான் நேர்ந்துக்கிட்டேன்.”

“தெரியும்” என்றாள். “சம்பத் சார் அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டாரு.”

“டாக்டர் எப்போ கூப்பிட்டாரு?”

“நீங்க மூணாவது பத்துல இருந்தீங்க. நர்ஸ் நாலு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நானும் உங்க தோளைத் தொட்டேன், உலுக்கிக்கூடப் பார்த்தேன். நீங்க இங்க இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்களேன்னு எந்திரிச்சுப் போயிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“கெட்ட கட்டி இல்லையாம். வெறும் நீர்க்கட்டிதானாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினாப் போதுமாம்.”

நான் அழுதுவிட்டேன். பிஸ்கட் அம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் செலின் முகத்தில் சிரிப்பு இல்லை. கவரை மடியில் வைத்து அதன் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல செய்திதானே செலின். ஏன் இப்படி இருக்கே?”

“உள்ள போனதும் டாக்டர், கூட யாரும் வரலையான்னு கேட்டாரு. வந்திருக்காரு, ஜெபம் பண்றாருன்னு சொன்னேன்” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“கதவைத் திறந்து உள்ள போறப்போ, அது நல்ல செய்தின்னு எனக்குத் தெரியாதுங்க.”

மாதாவுக்கு நன்றி சொல்ல வேண்டும், சொன்னேன். ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டியது மாதாவிடம் இல்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“தப்பு பண்ணிட்டேன் செலின். எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. அதை உன்கிட்ட சொல்லாம அங்க போய்ச் சொல்லிட்டிருந்தேன்.”

“எனக்கும்தான் பயமா இருந்துச்சு” என்றாள்.

பன்னிரண்டு நாளில் நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொண்டது அப்போதுதான். வெளியே வந்தபோது தென்னூர் ரோட்டில் நல்ல வெயில். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ நிற்கிற இடம் வரை நடந்தேன். “விடுங்க, எல்லாரும் பார்க்கறாங்க” என்று மூன்று தடவை சொன்னாள். கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, நான் விடவும் இல்லை.